விற்காமல் விட்டதற்கு நன்றி

உதிரிபாகக் கடை பாய் அவர்களுக்கு,

உங்கள் கடையில் நான் வாங்கியதற்கெல்லாம் துண்டுச்சீட்டு இருக்கிறது. நீங்கள் விற்க மறுத்தவற்றுக்கு எந்தச் சீட்டும் கிடையாது. அந்தக் கணக்கை எழுதிவைக்கத்தான் இந்த மடல். நேரில் சொல்லியிருக்கலாம். சொன்னால் "டீ சொல்லவா தம்பி" என்று பேச்சை மாற்றிவிடுவீர்கள். அதற்குள் நாலு மெக்கானிக் பையன்கள் கவுண்டரில் கையை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். ஊரறிய எழுதிவிட்டால் நீங்கள் தப்பிக்க முடியாது. பெயர் போடவில்லை, போட்டால் கோபித்துக்கொள்வீர்கள். பட்டுக்கோட்டையில் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

சொந்த வண்டியை வீட்டிலேயே கழற்றிப் பார்க்கிறவன் ஒரு கடைக்காரருக்கு எவ்வளவு தொல்லை என்று எனக்குத் தெரியும். மெக்கானிக் வந்தால் பத்து பிரேக் கட்டை, ஐந்து கிளட்ச் ஒயர் என்று அள்ளிக்கொண்டு போவார். நான் ஒரு ஓ-ரிங்குக்கு வந்து, அரைமணி நேரம் நின்று, மூன்று சந்தேகம் கேட்டுவிட்டுப் போகிறவன். "மெக்கானிக்கைக் கூட்டிக்கிட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பிவிடுகிற கடைகளைப் பார்த்திருக்கிறேன். அவர்களையும் குறைசொல்ல முடியாது. நீங்கள் மட்டும் முதல் நாளே, "பழசக் கொண்டாந்தீங்களா?" என்று கேட்டீர்கள்.

அந்தக் கேள்வி எனக்கு ஒரு பாடத்திட்டமாகவே ஆகிவிட்டது. ஸ்ப்ளெண்டர் 1994-ல் வந்த வண்டி. பேர் அப்படியே இருக்கிறது, உள்ளே எத்தனையோ மாறிவிட்டது. "ஸ்ப்ளெண்டருக்கு கேபிள் குடுங்க" என்று வாயால் கேட்டு வாங்கிப் போகிறவர் பாதிப் பேர் திரும்பி வருவார்கள் என்பீர்கள். கழற்றிய பழைய பாகத்தை மேசையில் வைத்தால் அதை ஒருமுறை விரலால் தடவிப் பார்ப்பீர்கள். எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, ஏன் அந்தப் பக்கம் மட்டும் தேய்ந்தது என்று அப்போதுதான் பேச்சு ஆரம்பிக்கும். புதியதை எடுத்துத் தருவது அதற்கு அப்புறம்தான், சில நாள் அதுவும் கிடையாது.

கார்பரேட்டர் கதையை ஊருக்குச் சொல்லியே ஆகவேண்டும். ஐப்பசி அடைமழையில் என் வண்டி சிக்னலில் நின்றால் அணைந்துவிடும், ஆக்ஸிலேட்டரை முறுக்கிப் பிடித்தால் ஓடும். பத்து வருஷத்துக்கு மேல் ஆன வண்டி, புது கார்பரேட்டரே போட்டுவிடலாம் என்று பணத்தோடு வந்தேன். "சோக் போட்டா ஓடுதா?" என்றீர்கள். ஓடுகிறது என்றேன். "அப்ப கார்பரேட்டர் நல்லாத்தான் இருக்கு. ஸ்லோ ஜெட்ல அடைப்பு. காசு கனமா இருந்தா பேங்க்ல போடுங்க." கிடந்த ஒரு பழைய ஒயரை உரித்து, அதிலிருந்து ஒரே ஒரு செப்புக் கம்பி இழையை உருவித் தந்தீர்கள். ஊசியால் குத்தாதீர்கள், ஜெட் பித்தளை, ஓட்டை பெரிதாகிவிட்டால் அப்புறம் பெட்ரோல் குடிக்கும் என்று எச்சரித்தும் அனுப்பினீர்கள். அன்று உங்கள் வியாபாரம் பூஜ்யம். எங்கள் வீட்டில் மாடு போன பிறகு காலியாகக் கிடக்கும் கொட்டகைதான் என் பட்டறை. தீவனத் தொட்டியின்மேல் பலகை போட்டு, அதில் திருப்பூர் பனியன் வேஸ்ட்டை விரித்து, கார்பரேட்டரைக் கழற்றி, அந்தச் செப்பு இழையை விட்டு எடுத்தபோது பச்சையாக ஒரு துளி பிசின் வந்தது. சாயங்காலம் வண்டி அணையாமல் நின்று உறுமியது.

இப்போது பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம் வரை கலந்து வருகிறது. எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கடலோரக் காற்றும் மழைக்கால ஈரமும் சேர்ந்த நம் பக்கத்தில் சொல்லவே வேண்டாம். நாள்கணக்கில் நிற்கும் பழைய வண்டியில் அது தண்ணீரோடு பிரிந்து அடியில் தங்குகிறது, பழைய ரப்பர் குழாயையும் ஊதவைக்கிறது. ஊருக்குப் போகிறவர்களிடம் பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, கார்பரேட்டர் அடியில் இருக்கிற திருகைத் தளர்த்தி மிச்சத்தை வடித்துவிட்டுப் போங்கள் என்று நீங்கள் சொல்வதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். இந்த யோசனைக்கு ஒரு ரூபாய் போட்டிருந்தால்கூட நீங்கள் இன்னொரு கடை திறந்திருக்கலாம்.

ஆயில் விஷயத்தில் நீங்கள் வாசரைக்கூடத் தர மறுத்தவர். ஆயிலை வடிக்கும் போல்ட்டுக்கு ஒரு வாசர் கேட்டேன். என்ன ஆயில் ஊற்றப்போகிறீர்கள் என்றீர்கள். மச்சான் காருக்கு வாங்கியதில் மிச்சம் இருக்கிறது என்றேன். "அப்ப வாசர் கெடையாது, போங்க." பிறகுதான் விளக்கினீர்கள். காரில் கிளட்ச் தனியாக உலர்ந்து கிடக்கிறது, பைக்கில் அது என்ஜின் ஆயிலிலேயே முங்கிக் கிடக்கிறது. உராய்வைக் குறைக்கக் கார் ஆயிலில் கலக்கும் சமாச்சாரம் பைக்கின் கிளட்ச் தட்டுகளை வழுக்க வைத்துவிடும். டப்பாவில் ஜாசோ எம்.ஏ. என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கச் சொன்னீர்கள். அந்த எழுத்துகளைத் தேடாமல் இன்றுவரை எந்த டப்பாவையும் நான் எடுத்ததில்லை.

ஒரே ஒரு முறை, நான் கேட்டதைவிட அதிகமாக விற்றீர்கள். செயின் மட்டும் போதும் என்று வந்தவனை, பின் சக்கரத்தில் செயினைப் பின்பக்கமாக இழுத்துப் பாருங்கள், பல்லில் பாதி தெரிந்தால் மொத்தமும் போச்சு என்று வாசலில் நின்ற வண்டியிலேயே காட்டினீர்கள். பல் கொக்கிமாதிரி வளைந்திருந்தது. வளைந்த பல்லில் புதுச் செயினைப் போட்டால் அந்தச் செயினும் சீக்கிரமே இழுத்துக்கொண்டு போய்விடும் என்று சொல்லி, முன் பின் பல்சக்கரங்களும் செயினும் சேர்ந்த செட்டாகத்தான் தருவேன் என்று பிடிவாதம் பிடித்தீர்கள். அது கோயம்புத்தூர் ரோலான். அட்டைப்பெட்டிகளில் ஊர்ப்பெயரைப் படிக்கும் பழக்கம் எனக்கு அப்போதுதான் வந்தது. பிஸ்டன் ரிங் சென்னைச் செம்பியத்திலிருந்து வருகிறது, போல்ட்டும் நட்டும் அங்கேயே பாடியிலிருந்து. தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவே 1912-ல் பஸ் விட ஆரம்பித்த டி.வி. சுந்தரம் அய்யங்கார் குடும்பத்தின் கம்பெனிதான் ஓசூரிலிருந்து 1980-ல் டி.வி.எஸ். 50-ஐ விட்டது. என் அப்பா தேங்காய் மூட்டையை முன்னாலும் என்னைப் பின்னாலும் வைத்து ஓட்டிய வண்டி அது. அதற்கு இன்னும் உங்களிடம் ஒயர் கிடைக்கிறது என்பதை எத்தனை பேர் அறிவார்கள்?

இந்த ஊரில் வண்டி கெடும் விதமே தனி. கம்பெனிக்காரர்கள் எழுதிய கையேட்டில் அதெல்லாம் இருக்காது. அறுவடைக் காலத்தில் ரோட்டில் வைக்கோலையும் உளுந்துச் செடியையும் பரப்பி வைத்திருப்பார்கள், நம் டயர்தான் போரடிக்கும். அந்த வைக்கோல் பின் சக்கரத்து அச்சில் சுற்றிக்கொண்டு இறுகிவிடும். சூடான சைலன்சரில் ஒட்டினால் புகையும். தை, மாசியில் ஏர் ஃபில்டரைத் தட்டினால் நெல் தூசி ஒரு கைப்பிடி கொட்டுகிறது. அதிராம்பட்டினம் பக்கம் போய்விட்டால் உப்புக்காற்று. மல்லிப்பட்டினத்திலிருந்து மீன் ஏற்றி வருகிறவர்களின் எக்ஸ்.எல். வண்டிகளைப் பார்த்தே நீங்கள் ஒரு சட்டம் போட்டுவைத்திருந்தீர்கள்: ஐஸ் கரைந்த உப்புத்தண்ணீர் பெட்டியிலிருந்து சரியாகப் பின் சக்கரத்தில் சொட்டுவதால், முன்னால் இருப்பதைவிடப் பின் பிரேக் கட்டையும் கம்பிகளும் வெகு சீக்கிரம் துருப்பிடிக்கும். மீன் விற்று முடிந்ததும் வீட்டுக்குப் போய் நல்ல தண்ணீரில் ஒரு குடம் ஊற்றுங்கள், பிரேக் கட்டை வாங்கும் காசு மிஞ்சும் என்பீர்கள். வாங்க வந்தவரிடமே!

மேக்னெட் புல்லர் கதைக்கு வருகிறேன். இடதுபக்க மூடியில் எண்ணெய் கசிந்தது. மேக்னெட்டுக்குப் பின்னாலிருக்கும் ஆயில் சீல் போயிருக்கிறது, ஒரு டீயும் வடையும் சாப்பிடுகிற காசுக்குச் சீல் வந்துவிடும். அதை மாற்ற மேக்னெட்டைக் கழற்ற வேண்டும். கழற்றப் புல்லர் வேண்டும், புல்லர் விலை சீலைவிடப் பல மடங்கு. வாங்கிக்கொள்கிறேன் என்றேன். "ஆறு வருசத்துக்கு ஒருக்கா கழட்டுறதுக்கு எதுக்கு தம்பி இது? கொண்டுபோயிட்டு வேலை முடிஞ்சதும் குடுங்க." நோட்டில் ஒரு வரி எழுதிக்கொண்டு, கொஞ்சம் டெபாசிட் வாங்கிக்கொண்டு தந்தீர்கள். சுத்தியலை எடுத்தேனென்று தெரிந்தால் கடைப் பக்கம் வரவேண்டாம் என்றும் சொன்னீர்கள். அதே வாரத்தில் ஃபீலர் கேஜும் உங்கள் மேசை டிராயரிலிருந்துதான் வந்தது. என்ஜின் நன்றாக ஆறிய காலையில், டேப்பெட் இடைவெளியை, அதாவது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான அந்த இடுக்கை, எப்படி விரலால் உணர்வது என்று தகட்டை நுழைத்துக் காட்டினீர்கள். லேசாகப் பிடித்து இழுக்க வேண்டும், சிக்கக் கூடாது. சத்தம் போடுகிற டேப்பெட்டுக்குப் பயப்படாதீர்கள், சத்தமே இல்லாமல் இறுகிப்போனதுதான் வால்வை எரிக்கும் என்றீர்கள். சத்தம் வந்தாலே பதறி ஓடும் நமக்கு இது தலைகீழ்ப் பாடம்தான்.

கஜாவைச் சொல்லாமல் இந்த மடலை முடிக்க முடியாது. 2018 நவம்பர் 16 விடிவதற்குள் வேதாரண்யம் பக்கம் கரையேறிய புயல் நம் தென்னையையும் மின்கம்பங்களையும் என்ன செய்தது என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. வாரக்கணக்கில் கரண்டு இல்லை. பஸ் வரும் முன்பே விழுந்த மரங்களுக்கு இடையில் நுழைந்து போனவை பைக்குகள்தான். தண்ணீர் கேன், அரிசி, மருந்து எல்லாம் அதில்தான் போயின. பைக் பேட்டரியில்தான் பல வீடுகளில் செல்போனுக்குச் சார்ஜ் ஏறியது. நீங்கள் ஷட்டரைப் பாதி தூக்கிவைத்துக்கொண்டு, விளக்கே இல்லாத கடைக்குள் போய், எந்தப் பெட்டியில் எது என்று கையாலேயே தடவி எடுத்து வந்து தந்தீர்கள். ட்யூப், பிளக், கிளட்ச் ஒயர். தென்னை போனவனிடம் காசு ஏது? நோட்டில் எழுதினீர்கள். அந்தக் கணக்கில் எவ்வளவு வந்தது, எவ்வளவு வராமலே போனது என்று உங்களிடம் நான் கேட்டதில்லை, இப்போதும் கேட்கப்போவதில்லை.

பழைய வண்டியைப் புகழ்ந்து புதிய வண்டியைத் திட்டுவது இப்போது வீட்டு மெக்கானிக்குகளிடையே ஒரு வழக்கம். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகை விதி வந்து, பெரும்பாலான புது வண்டிகளில் கார்பரேட்டர் போனதும் நமக்கெல்லாம் வேலை போச்சு என்று நானும் உங்களிடம் புலம்பினேன். நீங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. ஸ்லோ ஜெட் அடைப்பே இல்லாத வண்டி வந்தால் சந்தோஷப்பட வேண்டியதுதானே என்றீர்கள். அடுத்த முறை வந்தபோது கவுண்டர் கண்ணாடிக்கு அடியில் உங்கள் மகன் எழுதிய ஓர் அட்டவணை இருந்தது: மீட்டரில் அந்த ஆரஞ்சு விளக்கு எத்தனை நீளமாக, எத்தனை குட்டையாக மின்னினால் எந்தச் சென்சாரைப் பார்க்கவேண்டும் என்று, கம்பெனிவாரியாக. பார்க்கிறவர்கள் போனில் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். கடையின் மூலதனத்தை இப்படிக் கண்ணாடிக்கு அடியில் பரப்பி வைக்கிற வியாபாரியை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

உங்களுக்குப் பிடிக்காதது என்று தெரிந்தும் நன்றி என்ற சொல்லை எழுதிவிடுகிறேன் பாய். மிக்க நன்றி.

பின்குறிப்பு: போன வாரம் மறுபடி வாங்கிப்போன புல்லர் இப்போது அடுத்த தெரு தமிழய்யாவிடம் இருக்கிறது. அவருடைய பேஷன் பைக்குக்கும் அதே அளவுதான் சரியாக இருந்தது. சனிக்கிழமை அவரே கொண்டுவந்து தருவார், அவருக்கும் கொஞ்சம் சந்தேகங்கள் இருக்கின்றன. என் டெபாசிட்டைத் திருப்பித் தர வேண்டாம். அதில் டேப்பெட் மூடிக்கு இரண்டு ஓ-ரிங்கும், ஒரு ஏர் ஃபில்டரும் எடுத்து வையுங்கள். ஸ்ப்ளெண்டர் பிளஸ், 2006 மாடல். பழசையும் அவரிடமே கொடுத்து அனுப்புகிறேன்.