ஒன்றரைப் பவுன் குண்டு

செப்டம்பர் பாதி கழிந்ததும் எங்கள் தெரு ஆண்களின் பேச்சு மாறிவிடும். அதுவரை புல் வெட்டும் மெஷின், ஃபுட்பால், பெட்ரோல் விலை என்று ஓடிக்கொண்டிருந்தது திடீரென்று வெறும் எண்களாகிவிடும். டூ செவன்ட்டி, த்ரீ ஓ எய்ட், தேர்ட்டி ஆட் சிக்ஸ், த்ரீ தேர்ட்டி எய்ட். வேலிக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் நின்று, கையில் காபி ஆறிப்போவது தெரியாமல் வாதாடிக்கொண்டிருப்பார்கள். கொலராடோ மாநிலத்தில் ஃபோர்ட் காலின்ஸ் ஊர், எண்பதுகள். அப்பா அங்கே பல்கலைக்கழகத்தில் மண்ணியல் சொல்லிக்கொடுத்தார். எனக்குப் பதின்மூன்றாம் வாய்ப்பாடு தடுமாறும். துப்பாக்கி எண்கள் தடுமாறாது.

இத்தனை வாதமும் எல்க் என்ற ஒரு மானுக்காக. அப்பா தென்காசிக்காரர், குற்றாலத்து மலையில் மிளா பார்த்து வளர்ந்தவர். எல்க்கையும் கடைசிவரை மிளா என்றுதான் சொன்னார். வளர்ந்த ஆண் 300 கிலோவைத் தாண்டும். பெண் 200க்கு மேல். இலையுதிர் காலம் வந்தால் எங்களை எஸ்டஸ் பார்க் ஊருக்குக் கூட்டிப்போவார். சாயங்காலம் புல்வெளியோரம் காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினால் அந்தக் கூவல் கேட்கும். அடித்தொண்டையில் தொடங்கி உச்சத்துக்கு ஏறி, நாலைந்து உறுமலோடு முடியும். அந்தப் பகுதியில் முன்பு இருந்தவற்றைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சுட்டுத் தீர்த்துவிட்டார்கள். 1913, 1914இல் எல்லோஸ்டோன் பக்கமிருந்து கொண்டுவந்து விட்டவற்றின் வழி வந்தவைதான் நாங்கள் பார்த்தவை. அந்த ஊரை ஒட்டிய தேசியப் பூங்காவுக்குள் அவற்றை யாரும் தொட முடியாது. பூங்கா எல்லைக்கு வெளியே, அக்டோபர் வந்துவிட்டால், கதை வேறு.

குண்டு பட்ட எல்க் பெரும்பாலும் அந்த இடத்திலேயே விழாது. ஒன்றும் நடக்காத மாதிரி நடந்து இருண்ட ஸ்ப்ரூஸ் காட்டுக்குள் நுழைந்துவிடும். நெஞ்சுக்கூட்டில் சரியாகப் படவில்லையென்றால் மைல் கணக்கில் போய், எங்கோ கிடந்து நாள்பட்டுச் சாகும். எந்தத் துப்பாக்கி, எந்தத் தோட்டா என்று அவர்கள் அவ்வளவு அடித்துக்கொண்டதற்கு அடியில் இருந்த பயம் அதுதான். சிறுவயதில் எனக்கு அது விளங்கவில்லை. எண்களின் சத்தம் மட்டும் பிடித்திருந்தது.

பக்கத்து வீட்டுக்காரர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் அங்கிள் என்பேன். அம்மா எங்களிடம் பேசும்போது ‘பெரியவர்’ என்பாள். வேலிச் சண்டைகளில் அவர் வாய் திறப்பது குறைவு. அவரிடம் இருந்தது ஒரே வேட்டைத் துப்பாக்கி: 1964க்கு முந்தைய வின்செஸ்டர் மாடல் 70, .30-06 தோட்டா போடுவது. 1906இல் அமெரிக்க ராணுவம் எடுத்துக்கொண்ட தோட்டா அது. பெயரின் பின்பாதி அந்த வருஷம், முன்பாதி குழலின் விட்டம், ஓர் அங்குலத்தில் நூற்றில் முப்பது பங்கு. இரண்டாம் உலகப் போரில் அவருக்குக் கொடுத்த ராணுவத் துப்பாக்கியிலும் அதே தோட்டாதான். “பழகின கைக்கு எதுக்குப் புதுசு?” என்பார்.

ஆனால் கடைத் தோட்டா வாங்கமாட்டார். கராஜின் மூலையில் ஒரு மரப் பெஞ்சு, அதில் முடுக்கிய பச்சை நிற இரும்புப் பிரஸ். சனிக்கிழமைகளில் நானும் அப்பாவும் அங்கே போய் உட்கார்ந்துவிடுவோம். சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளை ஒவ்வொன்றாகப் பிரஸ்ஸில் நிறுத்திக் கைப்பிடியை இறக்குவார். ‘டக்’கென்று அடியிலிருந்து, வெடிமருந்தைப் பற்றவைக்கும் பழைய பிரைமர் தெறித்துக் கீழே தகர டப்பாவில் விழும்; விரிந்திருந்த கூடு பழைய அளவுக்குச் சுருங்கி வரும். கழுத்து நீண்டிருந்தால் சீவுவார். புதுப் பிரைமரை அழுத்தி, விரல் நுனியால் தடவிப் பார்ப்பார். துளியும் மேலே துருத்தக்கூடாது. அதற்குப் பிறகு மருந்து. தராசுத் தட்டில் முக்கால் அளவு கொட்டிவிட்டு, சின்னக் குழாய் ஒன்றை இரண்டு விரலால் உருட்டுவார். மருந்து ஒவ்வொரு பொடியாக உதிரும். முள் கோட்டுக்கு வரும்வரை மூச்சுவிடக்கூடாது என்பது எனக்கு இருந்த கட்டளை. கராஜ் கதவு சாத்தியிருக்கும். பைப் புகைப்பவர், அங்கே மட்டும் தொடமாட்டார்.

தேரடித் தட்டார் குன்றிமணி போட்டுப் பொன் நிறுத்த மாதிரி இருக்கிறது என்றார் அப்பா, முதல்முறை பார்த்தபோதே. அளவும் கிட்டத்தட்ட ஒத்துப்போனது. அங்கே குண்டையும் மருந்தையும் கிரெயின் கணக்கில் நிறுப்பார்கள். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின். குன்றிமணி ஒன்று ஏறக்குறைய இரண்டு கிரெயின் இருக்கும். பெரியவர் எல்க்குக்குப் போடும் 180 கிரெயின் குண்டு, அப்பா சிகரெட் அட்டையின் பின்னால் போட்ட கணக்குப்படி, பதினொன்றரை கிராமுக்குச் சற்று மேல். “ஒன்றரைப் பவுனுக்குக் கொஞ்சம் குறைச்சல்” என்று வீட்டில் வந்து சொன்னார். “ஒன்றரைப் பவுனையா காட்டுல கொண்டுபோய் எறியுறாங்க?” என்றாள் அம்மா.

அந்தக் குண்டு சும்மா ஈயக் கட்டி இல்லை. பெரியவர் ஒன்றை நீளவாக்கில் அறுத்து வைத்திருந்தார், காட்டுவதற்கென்றே. செம்பு உறைக்குள் இரண்டு அறை. நடுவே செம்பாலேயே ஒரு சுவர். முன்னறை ஈயம் பட்டவுடன் காளானாக விரியும், பின்னறை ஈயம் சிதையாமல் உள்ளே தள்ளிக்கொண்டு போகும். 1946இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஜான் நாஸ்லர் என்பவர் சேறு காய்ந்த தோலுள்ள ஒரு மூஸ் மானைச் சுட, குண்டுகள் உள்ளே இறங்காமல் மேலேயே சிதறிவிட்டன. ஊர் திரும்பி அவர் யோசித்துச் செய்ததுதான் இந்தப் பார்ட்டிஷன் குண்டு. 1948இலிருந்து விற்பனைக்கு வந்தது. பெரியவருக்கு இந்தக் கதை சொல்லி அலுக்காது. துப்பாக்கிக்காரர்கள் கூட்டின் அளவைப் பற்றியே பேசுகிறார்கள், மானுக்குள் போவது குண்டுதானே என்பது அவர் கட்சி.

வேலிச் சண்டைக்கு வேதநூல்கள் வேறு இருந்தன. ‘அவுட்டோர் லைஃப்’ பத்திரிகையில் பல்லாண்டு எழுதிய ஜாக் ஓ’கானர் ஒரு பக்கம்: 1925இல் வந்த .270 தோட்டா, அதில் 130 கிரெயின் சிறு குண்டு, வேகம், இடம் பார்த்துச் சுடுதல். இன்னொரு பக்கம் பெரிய தொப்பியும் சுருட்டுமாக எல்மர் கீத்: எல்க்குக்குப் பெரிய விட்டமும் 250 கிரெயின் கனக் குண்டும் வேண்டும், மற்றதெல்லாம் சிறுபிள்ளை விளையாட்டு. இருவரும் ஐடஹோ மாநிலத்தில்தான் இருந்தார்கள், ஆனால் ஒத்துப்போகவே இல்லை. எங்கள் தெருவும் அப்படியே இரண்டு கட்சியாகப் பிரிந்திருந்தது. தபால்காரர் கீத் கட்சி. எதிர்வீட்டுப் பல் டாக்டர் ஓ’கானர் கட்சி. இருவரும் வருஷாவருஷம் எல்க் கொண்டுவந்தார்கள் என்பதுதான் வேடிக்கை.

பெரியவரின் மருமகன் டென்வர்காரர். ஒரு வருஷம் புதிதாய் .300 மேக்னம் என்ற பெரிய தோட்டாத் துப்பாக்கி வாங்கிக்கொண்டு வந்தார். சுட்டுப் பார்க்க எல்லோருமாகக் கிழக்கே பானி புல்வெளிக்குப் போனோம். கண்ணுக்கெட்டியவரை காய்ந்த புல்லும் காற்றும். மண் மேட்டுக்கு முன்னால் காகிதக் குறி. எனக்குக் காதை மூடும் பெரிய கவசம். அது கன்னத்தை அழுத்தியது இன்னும் நினைவிருக்கிறது. மேக்னத்தின் உதை .30-06ஐவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடுதல். மருமகன் சுடச் சுட, குறியில் ஓட்டைகள் கீழே கீழே இறங்கிக்கொண்டே போயின. தொலைநோக்கி சரியில்லை என்றார். காற்று என்றார்.

பெரியவர் பதில் சொல்லாமல் துப்பாக்கியை வாங்கினார். எங்களுக்கு முதுகைக் காட்டித் தோட்டா போட்டுத் திருப்பிக் கொடுத்தார். மருமகன் குறிபார்த்து விசையை இழுத்தார். ‘க்ளிக்’ என்ற சத்தம் மட்டும்தான். வெடிக்கவில்லை. ஆனால் குழல்முனை நாலு விரற்கடை கீழே குத்திட்டுப் போனது; தோள் முன்னால் பாய்ந்தது; கண் இறுக மூடியிருந்தது. பெரியவர் போட்டது மருந்தும் பிரைமரும் இல்லாத வெற்றுத் தோட்டா. உதை வரப்போகிறது என்று உடம்பு முன்கூட்டியே பயந்து துள்ளியதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். மருமகன் காதெல்லாம் சிவந்து சிரித்துவிட்டார். 300 கெஜத்தில் இந்த மேக்னத்துக்கும் தன் துப்பாக்கிக்கும் குண்டு கீழே இறங்குவதில் உள்ள வித்தியாசம் இரண்டு, இரண்டரை விரற்கடைதான் என்றார் பெரியவர், “நீ துள்ளுறதுல போறது அதைவிட எத்தனையோ மடங்கு.” அன்று சாயங்காலம்வரை வெற்றுத் தோட்டாவைக் கலந்து கலந்து போட்டு அவரைச் சுடவைத்தார். அந்த சீசனுக்கு மருமகன் எடுத்துப்போனது தன் பழைய .308.

அந்த வருஷம் என்னையும் அப்பாவையும் வேடிக்கை பார்க்கக் கூட்டிப்போனார்கள். பூடர் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியே ஏறி, 10,000 அடிக்கு மேலுள்ள கேமரன் கணவாய் தாண்டி, நார்த் பார்க் பக்கம். உடம்பெல்லாம் ஆரஞ்சு நிறச் சட்டை. விடியும்போது மேட்டு விளிம்பில் ஓர் ஆண் நின்றது. கொம்பு தனித்தனியாகத் தெரிந்தது. பெரியவர் பைனாகுலரில் பார்த்தார், துப்பாக்கியைக்கூட எடுக்கவில்லை. 500 கெஜம் இருக்கும் என்றார். 200 கெஜத்துக்குச் சரிசெய்து வைத்த அவர் துப்பாக்கியில் குண்டு 300க்கு ஒரு சாண் இறங்கும். 400க்கு இரண்டரைச் சாணுக்கு மேல். எல்க்கின் இதயமும் நுரையீரலும் சேர்ந்த இடம் ஒரு முழத்துக்கும் குறைவு. மருமகன் கெஞ்சும் குரலில் ஏதோ சொன்னார். “என் தூரம் முந்நூறு. அதுக்கு அந்தப் பக்கம் நிக்கிறது என் மான் இல்ல” என்றார் பெரியவர். மறுநாள் ஆஸ்பென் மரங்களுக்கு நடுவே 150 கெஜத்துக்குள் ஒரு பெண் கிடைத்தது. பெண்ணுக்கான அனுமதிச் சீட்டும் அவரிடம் இருந்தது. ஒரே குண்டு. அரை மணி நேரம் அசையாமல் உட்காரவைத்துவிட்டுத்தான் தேடப் போகவிட்டார். போனபோது அறுபது, எழுபது அடியில் கிடந்தது.

கறி கராஜில் துணிப்பையில் தொங்கும். எங்களுக்கு ஒரு பங்கு வரும். கொழுப்பே இல்லாத கறி. கொஞ்சம் விட்டால் கட்டையாகிவிடும். அம்மா குக்கரில் இஞ்சி பூண்டோடு வேகவைத்து, நல்லெண்ணெயில் மிளகு தட்டிப் போட்டுச் சுருள வதக்குவாள். எந்தத் தோட்டா நல்லது என்பதில் அவளுக்கும் கருத்து உண்டாகிவிட்டது. வேகக் குண்டால் கிட்டத்தில் சுட்டவர்கள் கொடுத்த தோள்கறியில் ரத்தம் கட்டிக் கறுத்திருக்கும். பாதியை வெட்டி எறிய வேண்டியிருக்கும். பெரியவர் வீட்டுக் கறியில் அது குறைவு. “அவர் எதைப் போடுறாரோ அதையே எல்லாரையும் போடச் சொல்லுங்க” என்று அப்பாவிடம் சொல்வாள்.

பிறகு காலம் வேகமாக ஓடியது. 1989இல் ஈயமே இல்லாத பார்ன்ஸ் முழுச்செம்புக் குண்டு வந்தது. ஈயத் துகள் கறியிலும் கழுகுகளின் வயிற்றிலும் சேர்கிறது என்ற பேச்சு வலுத்தது. 2019 ஜூலையிலிருந்து கலிபோர்னியாவில் வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது. 2007இல் வந்த 6.5 கிரீட்மோர் உதை குறைவு என்று இளையவர்கள் கையில் பரவியது. எல்க்குக்கு அது போதுமா என்று இப்போது புதிய வேலிச் சண்டை. கொலராடோ சட்டத்தைக் கேட்டால், எல்க்குக்கு .24 விட்டமும் விரியும் வகைக் குண்டு 85 கிரெயினும் 100 கெஜத்தில் 1,000 அடி-பவுண்டு ஆற்றலும் இருந்தால் போதும். கட்டாயப் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும். 1949க்கு முன் பிறந்தவர்களுக்கு அதில் விலக்கு.

யாராவது வந்து “எல்க்குக்கு எது வாங்கலாம்?” என்று கேட்டால் பெரியவர் நேராகப் பதில் சொன்னதே இல்லை. எத்தனை தூரத்தில் சுடுவாய், கண்ணை மூடாமல் எத்தனை முறை சுடுவாய், எந்தக் குண்டைப் போடுவாய் என்று மூன்று கேள்வி கேட்பார். வந்தவர்கள் பலர் இரண்டாவது கேள்வியிலேயே கோபித்துக்கொண்டு போய், கடையில் இருப்பதிலேயே பெரியதை வாங்கினார்கள். மூன்றுக்கும் பதில் வைத்திருந்தவர்கள் கேலிபரைப் பற்றி அப்புறம் பேசவே இல்லை. வீட்டில் ஏற்கெனவே இருந்த துப்பாக்கியோடு மலைக்குப் போனார்கள்.