ஒளித்து வைத்த புத்தாடை

மனிதர் ஒரு பொருளை மறைத்து வைப்பதற்குக் காரணம் இரண்டு. பிறர் எடுத்துக்கொள்வாரே என்னும் அச்சம் ஒன்று. பிறருக்குக் கொடுக்கும் நாள் இன்னும் வரவில்லையே என்னும் ஆவல் மற்றொன்று. முன்னதற்குப் பூட்டு வேண்டும். பின்னதற்குப் பொறுமை வேண்டும். தீபாவளிக்கு முந்திய வாரங்களில் தமிழர் இல்லங்களில் நிகழும் மறைப்பு இரண்டாம் வகையைச் சார்ந்தது. யாருக்குக் கொடுப்பதற்காக ஒரு பொருள் வாங்கப்பட்டதோ அவரிடமிருந்தே அதனைக் காக்க வேண்டியிருக்கிறது. இந்த விந்தையான காவலில் பெற்றோர் ஒருபுறமும் பிள்ளைகள் மறுபுறமுமாக நின்று நடத்தும் போட்டி, பார்ப்பதற்கு வெறும் விளையாட்டே. ஆயினும், ஒரு குடும்பத்தின் பொருள் நிலையும் அன்பும் சொல்லுறுதியும் அதனுள் ஒருங்கே அடங்கியிருக்கின்றன.

சுபாங் ஜெயாவில் வரிசை வீடொன்றில் வாழும் ஒரு குடும்பத்தை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். தந்தை தொழிற்சாலை ஊழியர். தாய் வீட்டிலிருந்தே தையல் தொழில் செய்பவர். தந்தையின் தாயாரான பாட்டியும் உடன் இருக்கிறார். பிள்ளைகள் இருவர். 2019ஆம் ஆண்டில் மூத்த பெண்ணுக்கு வயது ஒன்பது. இளைய பையனுக்கு நான்கு.

அவ்வாண்டு தீபாவளி அக்டோபர் 27ஆம் நாள் வந்தது. அதற்கு ஒரு மாதம் முன்னரே தாயும் தந்தையும் கிள்ளானுக்குச் சென்று, தெங்கு கிளானா சாலைக் கடைகளில் பிள்ளைகளுக்கு வேண்டியவற்றை வாங்கி வந்துவிட்டனர். மகளுக்குப் பட்டுப் பாவாடை, மகனுக்கு நீலச் சட்டை. வாங்குவது எளிது, வைப்பதற்கு இடம் தேடுவதே அரிது. துணி அலமாரியின் மேல்தட்டு பிள்ளைகள் முதலில் நாற்காலி போட்டு ஏறிப் பார்க்கும் இடம். கட்டிலின் அடியோ பையனின் விளையாட்டுக் களம். காரின் பின்பெட்டியில் வைக்கலாமென்றால், கடைக்குச் சென்று திரும்பும்போதெல்லாம் பொருள்களை இறக்கிவைக்க ஓடி வருபவர்களும் அவர்களே. இறுதியில், பாட்டியின் யோசனைப்படி, பழைய அரிசி டின் ஒன்று துடைத்துக் காயவைக்கப்பட்டுப் புத்தாடைகளின் புகலிடம் ஆயிற்று.

இக்காலப் பெற்றோருக்கு மற்றோர் இடையூறும் உண்டு. இணையத்தில் வாங்கிய பொருள் வாசற்கதவில் வந்து சேர்கிறது. பொதியின்மேல் ஒட்டிய தாளை எழுத்தறிந்த குழந்தை படித்துவிடுகிறது. தாயின் கைப்பேசியில் வரும் அறிவிப்பு, பொருள் வருவதற்கு முன்பே இரகசியத்தை உடைத்துவிடுகிறது. வீட்டில் அறைகள் பெருகிய அளவுக்கு மறைவிடங்கள் பெருகவில்லை.

பாட்டிக்கு இந்தத் திண்டாட்டம் வேடிக்கையாக இருந்தது. அவர் சீபீல்ட் தோட்டத்தில் பிறந்தவர். இன்று சுபாங் ஜெயா என்று வழங்கும் நகரம் அத்தோட்டத்து நிலத்தில் 1976ஆம் ஆண்டில் உருவாகத் தொடங்கியது. 1997இல் தனி நகராண்மைக் கழகம் பெற்றது. 2020இல் மாநகர் என்னும் தகுதியையும் எய்தியது. பாட்டியின் இளமையிலோ அங்கே மாநகரும் இல்லை. மாடி வீடும் இல்லை. லயத்து வீட்டில் ஓர் அறை, ஒரு கூடம், ஒரு சமையற்கட்டு. இரு வீடுகளுக்கு இடையே இருந்த தடுப்புச் சுவர் கூரையைத் தொடாது. அடுத்த வீட்டில் பேசுவது இந்த வீட்டில் கேட்கும். சொல்லையே மறைக்க முடியாத இடத்தில் பொருளை எங்கே மறைப்பது?

அக்காலத்தில் கடையே மறைவிடமாக இருந்தது. தோட்டத்துக்கு வரும் துணிக்காரரிடமோ பட்டணத்துத் தவுக்கேயிடமோ ஒரே துணியைச் சொல்லி வைப்பார்கள். அண்ணனுக்குச் சட்டை, தங்கைக்குக் கவுன், தம்பிக்குச் சிறு சட்டை எல்லாம் அந்த ஒரே துணியில்தான். வளர்கிற பிள்ளை என்பதால் ஒரு விரல் அளவு நீட்டித் தைக்கப்படும். கையில் முன்பணம் கிடைத்த பிறகே துணி வீட்டுக்கு வரும். “ஒளிச்சு வச்சிருக்கேன், அன்னிக்குத் தர்றேன்” என்று பாட்டியின் தந்தை சொல்லுவாராம். பண்டிகைக்கு முதல்நாள் அந்தியில், வேலைக்காட்டிலிருந்து திரும்பி, குளித்து, மிதிவண்டியை எடுத்துக்கொண்டு போவார். திரும்பி வரும்போது மிதிவண்டியின் பின்னால் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம் இருக்கும். ஒளித்து வைத்திருக்கிறேன் என்றால் இன்னும் வாங்கவில்லை என்பது பொருள் என்று, பாட்டி தாமே ஒரு தாயான பிறகுதான் உணர்ந்தாராம். ஆனால், தந்தையின் அந்தச் சொல் எந்த ஆண்டிலும் பொய்த்ததில்லை.

உணவுப் பொருளை மறைப்பதில் தமிழர் நெடுநாள் பழக்கமுடையவர். வீட்டு உத்தரத்தில் கயிற்றால் உறி கட்டிப் பாலும் தயிரும் வெண்ணெயும் தொங்கவிட்டனர். பூனைக்கும் எறும்புக்கும் எட்டாத உறி, பிள்ளைக்கு எட்டும். ஆயர்பாடியில் வெண்ணெய் களவாடிய கண்ணனைப் பெரியாழ்வார் தாயின் உள்ளத்தோடு பாடியிருக்கிறார். கடவுளையே குழந்தையாகக் கண்டு, அக்குழந்தையை உறியருகே நிறுத்திப் பார்த்த மரபு இது. ஊர்தோறும் நிகழும் உறியடி விழா, தேடும் குழந்தையின் குறும்பைத் தண்டிக்காமல் கொண்டாடுகிறது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. தேடுவது குழந்தையின் இயல்பு. அது குற்றம் ஆகாது.

அந்தச் சுபாங் ஜெயா வீட்டில் தேடுதல் பத்தே நாளில் வெற்றி பெற்றது. ஒரு மாலை, நான்கு வயதுப் பையன் சமையலறைக்கு ஓடிவந்து, “அம்மா, அரிசி டின்னுல நீலச் சட்ட இருக்குறத நான் பார்க்கவே இல்ல!” என்று உறுதிமொழி கூறினான். தாய்க்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மூத்தவளோ அதன்பின் அரிசி டின் இருந்த மூலைப் பக்கமே திரும்பவில்லை. அவள் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. இருவரும் ஒன்றையே கண்டனர். ஒருவனால் மறைக்க இயலவில்லை; மற்றொருத்தியால் இயன்றது.

இவ்வேறுபாட்டை உளநூலார் ஆராய்ந்துள்ளனர். விம்மர், பெர்னர் என்னும் அறிஞர் இருவர் 1983ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் குழந்தைகளுக்கு ஒரு சிறு கதை கூறப்பட்டது. மாக்சி என்னும் சிறுவன் ஓர் அலமாரியில் சாக்லேட்டை வைத்துவிட்டு வெளியே போகிறான். அவன் இல்லாதபோது தாய் அதனை வேறோர் அலமாரிக்கு மாற்றிவிடுகிறாள். திரும்பி வரும் மாக்சி சாக்லேட்டை எங்கே தேடுவான் என்பது வினா. மிகச் சிறிய குழந்தைகள், சாக்லேட் இப்போது இருக்கும் இடத்தையே சுட்டுகின்றனர். தாம் அறிந்ததை மாக்சியும் அறிந்திருப்பான் என்று எண்ணுகின்றனர். நான்கு, ஐந்து வயதை ஒட்டியே, பிறர் உள்ளத்தில் தம்மினும் வேறான எண்ணம் இருக்கக்கூடும் என்னும் தெளிவு அவர்களுக்குப் பிறக்கிறது. பிறர் அறியாததைத் தாம் அறிவோம் என உணர்ந்த பிறகே ஒரு குழந்தையால் இரகசியத்தைக் காக்க இயலும். கண்டும் காணாததுபோல் இருந்த அப்பெண், தாய் எதிர்பார்த்திருக்கும் மகிழ்ச்சி குலைந்துவிடக் கூடாதே என்று கருதினாள். பெற்றோர் பிள்ளைக்காக மறைத்தனர். பிள்ளை பெற்றோருக்காக மறைத்தது.

மறைத்த பொருளை வெளிப்படுத்துவதற்கும் தமிழரிடம் ஒரு முறை உண்டு. மலேசியத் தமிழர் இல்லங்கள் பலவற்றில் தீபாவளிக்கு முதல்நாள் மாலை முன்னோர்க்குப் படையல் இடுவர். வாழையிலையில் உணவும் பலகாரமும் இருக்க, புத்தாடைகள் தட்டில் அடுக்கப்பட்டு முன்னோர் படத்தின் முன் வைக்கப்படும். முறுக்கும் நெய்யுருண்டையும் மூன்று வாரங்களுக்கு முன்பே செய்து டின்களில் அடைக்கப்பட்டிருந்தாலும், படையலுக்கு முன்னர் எவரும் அவற்றை வாயில் இடக்கூடாது என்பது பல வீடுகளில் கட்டுப்பாடு. மறுநாள் விடியலில் எண்ணெய் தேய்த்துக் குளித்த பின், ஓரத்தில் மஞ்சள் தடவிய ஆடையைப் பெரியவர் கையால் பிள்ளைகள் பெற்று, காலில் விழுந்து வணங்கி உடுத்திக்கொள்வர். மறைவிடத்திலிருந்து எடுத்த ஆடை நேரே பிள்ளையின் கைக்கு வருவதில்லை. இறந்தோர் முன் இருந்து, மூத்தோர் கை வழியே இளையோரைச் சேர்கிறது. ஒரு மாதக் காத்திருப்புக்கு இவ்வாறு ஒரு முடிவும் ஒரு பொருளும் அமைகின்றன.

காத்திருத்தலின் அருமையை அமெரிக்க அறிஞர் வால்டர் மிஷல் ஸ்டான்பர்டு பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்தார். ஓர் இனிப்பை உடனே உண்ணலாம். சற்றுப் பொறுத்தால் இரண்டு கிடைக்கும் என்று குழந்தைகளிடம் கூறப்பட்டது. 1970ஆம் ஆண்டில் எபசன் என்பாருடன் சேர்ந்து அவர் வெளியிட்ட ஆய்வு, இனிப்பு கண்ணெதிரே இருந்தபோது குழந்தைகளால் நெடுநேரம் பொறுக்க இயலவில்லை. கண்ணில் படாமல் இருந்தபோது பொறுக்க முடிந்தது என்று காட்டியது. அரிசி டின்னைத் தேர்ந்த பாட்டிக்கு இஃது ஆய்வின்றியே தெரிந்திருந்தது.

ஆயினும் மறைத்து வைத்தால் மட்டும் போதாது. 2013ஆம் ஆண்டில் வெளியான ரோச்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று இதனினும் ஆழமானது. இருபத்தெட்டுக் குழந்தைகளை இரு பிரிவாக்கி, நல்ல வண்ணக்கோல்கள் கொண்டு வருவதாக ஒருவர் சொல்லிச் சென்றார். ஒரு பிரிவினர்க்குச் சொன்னபடி கொண்டு வந்தார். மற்றப் பிரிவினரிடம் வெறுங்கையுடன் வந்து, இல்லை என்றார். பிறகு இரு பிரிவினர்க்கும் இனிப்புச் சோதனை வைக்கப்பட்டது. சொல் காக்கப்பட்ட குழந்தைகள் சராசரி 12 நிமிடம் பொறுத்தனர். ஏமாற்றப்பட்டவர்களோ 3 நிமிடமே பொறுத்தனர். பொறுமையின்மை என்று பெரியவர் கடிந்துகொள்வது, பல வேளைகளில் பெரியவரின் சொல்மீது குழந்தைக்கு நம்பிக்கை இல்லாமையே ஆகும். “சேட்டை பண்ணினா தீபாவளிச் சட்டை கிடையாது” என்று நாள்தோறும் மிரட்டும் வீட்டில், மறைத்து வைத்த ஆடை பரிசு என்னும் தன்மையை இழந்து பிணைப்பொருள் ஆகிவிடுகிறது.

நம்பிக்கையின் வலிமை அக்குடும்பத்தில் அடுத்த ஆண்டே சோதனைக்கு உள்ளாயிற்று. 2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நாடெங்கும் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. அக்டோபர் 14ஆம் நாள் சிலாங்கூரில் நிபந்தனைகளுடன் கூடிய கட்டுப்பாடு மீண்டும் வந்தது. சரியாக ஒரு மாதம் கழித்து, நவம்பர் 14ஆம் நாள் தீபாவளி. தந்தைக்கு மிகைநேர வேலை நின்று பல திங்கள் ஆகியிருந்தன. தாய்க்கும் தைக்கத் துணி கொடுப்பார் இல்லை. வீட்டுத் தவணைக்கும் அரிசிக்கும் போக எஞ்சியது மிகக் குறைவு. கிள்ளானுக்குச் செல்லும் பேச்சே எழவில்லை.

பிள்ளைகள் வழக்கம்போல் தேடினர். மேல்தட்டு வெறுமையாக இருந்தது. அரிசி டின்னில் அரிசியே இருந்தது. ஐந்து வயதை எட்டியிருந்த பையன், “அக்கா, ஒன்னுமே இல்ல” என்று கலங்கினான். பத்து வயது அக்காள் சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பின்னர், “இந்தத் தடவ அம்மா ரொம்ப நல்லா ஒளிச்சிட்டாங்கடா. தேடாத. தேடுனா அம்மாவுக்கு வருத்தமா இருக்கும்” என்றாள். கூடத்தில் அமர்ந்திருந்த பாட்டியின் காதில் அச்சொற்கள் விழுந்தன. தம் தந்தையின் மிதிவண்டி அவருக்கு நினைவுக்கு வந்திருக்க வேண்டும். அன்றிரவு அவர் தம் பெட்டியைத் திறந்து, ஒருமுறையே உடுத்தியிருந்த மாம்பழ நிறப் பட்டுப் புடவையை மருமகளிடம் கொடுத்தார்.

பிள்ளைகள் உறங்கிய பின் தையல் இயந்திரம் ஓடியது. ஓசை கேளாதிருக்கப் பாட்டி வானொலியைச் சற்று உயர்த்தி வைத்தார். படையலன்று தட்டில் மாம்பழ நிறப் பாவாடை ஒன்றும், அதே நிறத்தில் சிறு ஜிப்பா ஒன்றும் இருந்தன. லயத்து வீட்டில் நடந்ததுபோல், இருவர்க்கும் ஒரே துணி. அப்பெண் கரையைக் கண்டதும் பாட்டியின் புடவையை அறிந்துகொண்டாள். ஆயினும் தாயை நோக்கி, “எங்கம்மா ஒளிச்சு வச்சிருந்தீங்க? நான் தேடாத இடமே இல்ல” என்றாள். தாய் விடை கூறவில்லை; மகளின் தலையை வருடினாள். பாட்டி வேறுபுறம் திரும்பிக்கொண்டார்.

அவ்வீட்டில் அன்று நால்வர் நால்வகையாக மறைத்தனர். தந்தை தம் கவலையை மறைத்தார். தாய் தம் உழைப்பை மறைத்தாள். பாட்டி தம் ஈகையை மறைத்தார். மகள் தான் அறிந்ததை மறைத்தாள். ஒன்றையும் மறைக்காமல் மகிழ்ந்தவன் பையன் ஒருவனே. அவன் மகிழ்ச்சிக்காகவே மற்ற நால்வரின் மறைப்பும் நிகழ்ந்தது.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்க்கு இதில் ஒரு செய்தி உண்டு. தீபாவளி விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும், தாம் கொண்டாடிய தீபாவளியைப் பற்றிக் கட்டுரை எழுதுமாறு மாணவரிடம் கூறுவது வழக்கம். விடியலில் எழுந்தேன், எண்ணெய் தேய்த்துக் குளித்தேன், புத்தாடை உடுத்தேன் என்று முப்பது ஏடுகளிலும் ஒரே வரிசை வரும். அவற்றுள் ஏதேனும் ஓர் ஏட்டில் உள்ள புத்தாடை, கடையில் வாங்கப்படாமல், எந்த அலமாரியிலும் ஒளித்து வைக்கப்படாமல், அந்த ஏட்டில் மட்டுமே இருப்பதாக இருக்கலாம். அத்தகைய ஏடு கைக்கு வரும்போது, ஆசிரியர் ஒற்றுப்பிழையையும் சந்திப்பிழையையும் திருத்தட்டும். ஆடையின் நிறம் என்ன, விலை என்ன என்று வகுப்பில் வினவாதிருக்கட்டும். வீட்டின் மானத்தைக் காக்க ஒரு குழந்தை மறைத்து வைத்ததைத் தேடி எடுக்காதிருப்பதும் ஆசிரியரின் கடமைகளுள் ஒன்றாகும்.