உலக்கையும் கிரகணமும்

2019ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 26ஆம் நாள் காலையில் வளையச் சூரிய கிரகணம் ஒன்று நிகழ்ந்தது. கோயம்புத்தூர், கரூர், திண்டுக்கல், புதுக்கோட்டை முதலிய ஊர்களில் ஏறத்தாழ ஒன்பதரை மணிக்குக் கதிரவன் நடுவே இருண்டு, விளிம்பு மட்டும் ஒளிரும் பொன்வளையம்போலக் காட்சியளித்தான். அப்பொழுது வானத்தைப் பார்த்தவர் பலர். தரையைப் பார்த்தவரும் சிலர் உளர். அவர்கள் தாம்பாளத்தில் நீர் வார்த்து, அதன் நடுவே உலக்கையைச் செங்குத்தாக நிறுத்திக் கையை எடுத்தனர். உலக்கை விழவில்லை. சூழ்ந்து நின்றோர் வியந்தனர். சிலர் கைகூப்பித் தொழுதனர்.

கிரகண வேளையில் மட்டுமே உலக்கை தானே நிற்கும் என்பதும், கிரகணம் விட்டதும் அது சாய்ந்துவிடும் என்பதும் தமிழ்நாட்டில் நெடுங்காலமாக வழங்கும் நம்பிக்கைகள். இதில் ஒரு பாதி முற்றும் உண்மை. உலக்கை நின்றது, கண்டவர் பொய் கூறவில்லை. ஆனால், ‘மட்டும்’ என்று ஒரு சொல் இருக்கின்றதே, அதனைக் கண்டவர் எவரும் இலர். மற்ற நாள்களில் உலக்கை நிற்காது என்று கூற வேண்டுமாயின், மற்ற நாள்களிலும் அதனை நிறுத்திப் பார்த்திருத்தல் வேண்டுமன்றோ?

அக்கூட்டத்தில் இருந்த சிறுமி ஒருத்தி மறுநாள் காலையில் அதே தாம்பாளத்தையும் அதே உலக்கையையும் எடுத்து வைத்து முயன்றிருப்பாளாயின், இரண்டு மூன்று முறை தவறினும் பின்னர் உலக்கை நேராக நிற்பதைக் கண்டிருப்பாள். உலக்கையின் அடியில் இரும்புப் பூண் உண்டு. அதன் முகம் பெரும்பாலும் தட்டையானது. உலக்கையின் புவியீர்ப்பு மையத்திலிருந்து நேர்கீழாக இழுத்த கோடு அத்தட்டையான அடிப்பரப்பிற்குள் விழும்வரை அது சாயாது. அடிப்பரப்புச் சிறியதாதலின் பொறுமை வேண்டும், அவ்வளவே. கிரகண நாளில் மக்கள் அப்பொறுமையைக் காட்டுகின்றனர். பிற நாள்களில் உலக்கையை மூலையில் சாய்த்து வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கின்றனர்.

கதிரவனும் திங்களும் ஒரே நேர்கோட்டில் நின்று இழுப்பதனாலேயே உலக்கை நிற்கின்றது என்று காரணம் கூறுவோரும் உண்டு. இக்கூற்றையும் சிறிது தொடர்ந்து செல்வது நன்று. ஒவ்வோர் அமாவாசையிலும் திங்கள் கதிரவன் இருக்கும் பக்கமே இருக்கின்றது. அதன் பாதை ஏறத்தாழ 5 பாகை சாய்ந்திருத்தலால் பெரும்பாலான அமாவாசைகளில் கதிரவனுக்குச் சற்று மேலாகவோ கீழாகவோ கடந்துவிடுகின்றது, மறைப்பதில்லை. ஆகவே, இழுப்பே காரணமாயின் எல்லா அமாவாசையிலும் உலக்கை நின்றாக வேண்டும். மேலும், அன்று ஒன்பதரை மணிக்குக் கதிரவன் உச்சியில் இல்லை. தென்கிழக்கு வானில் சாய்வாக இருந்தான். அங்கிருந்து இழுத்தால் உலக்கை நிமிராது, அப்பக்கமாகச் சாயும். கடலில் அலை ஏற்றம் உண்டாக்கும் அவ்விசையோ உலக்கையின் எடையில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கிற்கும் குறைவானது.

உலக்கை நிற்பதனால் எவருக்கும் தீங்கில்லை. அதனை ஒரு விளையாட்டென விட்டுவிடலாம். ஆயினும், அந்த முற்றத்தை அடுத்த அறையில் கருவுற்ற பெண்ணொருத்தி கதவும் சாளரமும் அடைக்கப்பட்டு, உணவும் நீரும் இன்றி மணிக்கணக்காக அமர்த்தப்படுவதும் உண்டு. அவள் கத்தியைத் தொட்டால் குழந்தை பிளந்த உதட்டுடன் பிறக்கும் என்பர். குழந்தையின் மேலுதடு கருவின் முதல் இரண்டு திங்களுக்குள்ளாகவே உருவாகி முடிந்துவிடுகின்றது. எட்டாம் திங்களில் காய் நறுக்குவதனால் அது பிளக்க வழியில்லை. ஆனால், நீரின்றி இருப்பதனால் தாய் தளர்ச்சியுறுவது உறுதி. அதே 2019ஆம் ஆண்டுக் கிரகணத்தின்போது கருநாடகத்தின் கலபுரகிப் பகுதியில் உடற்குறையுடைய சிறுவர் சிலரைக் குறை நீங்கும் என்று கருதிக் கழுத்தளவு மண்ணில் புதைத்து வைத்தனர். பெற்ற அன்பே அவர்களை அவ்வாறு செய்வித்தது என்பதை எண்ணும்போது துயரம் மிகுகின்றது.

பழைய விலக்குகள் யாவும் பிழையென்று தள்ளுவதும் ஆராயாது முடிவு செய்தலே ஆகும். கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்க்கலாகாது என்பது மிகச் சரியான விலக்கு. விழித்திரைக்கு வலியுணர்வு இல்லை. ஆதலின், அது கதிரொளியால் கருகும்போது பார்ப்பவருக்கு ஒன்றும் தோன்றுவதில்லை. பார்வை மங்கிய பின்னரே தெரியும். கிரகணம் இல்லாத நாளிலும் இத்தீங்கு உண்டு; ஆனால் அன்று கண் கூசுவதனால் எவரும் நெடுநேரம் பார்ப்பதில்லை.

2031ஆம் ஆண்டு மே 21ஆம் நாள் தென்தமிழ்நாட்டில் மீண்டும் ஒரு வளையக் கிரகணம் தோன்றும். அன்றும் தாம்பாளங்கள் வெளியே வரும். அதுவரையில் உள்ள எல்லா நாள்களிலும் உலக்கை வீட்டு மூலையில் சாய்ந்தே இருக்கின்றது. எடுத்து நிறுத்திப் பார்ப்பதற்குக் கால்மணி நேரமும் ஆகாது.