மூணா, எட்டா?

அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்த இரவு, சொட்டுமருந்து அட்டவணை ஒன்றை லேப்டாப்பில் தயாரித்தேன். மூன்று பாட்டில்கள், ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு நேரம்.

எண்களுக்கு நான் எடுத்தது தடித்த, ஒடுங்கிய ஸ்லாப் செரிஃப் எழுத்துரு. கௌபாய் படங்களில் 'தேடப்படும் குற்றவாளி' நோட்டீஸில் வருமே, அந்த ரகம். எழுத்தின் முனைகளில் செங்கல் வைத்த மாதிரி கட்டையான பட்டைகள். நாள் முழுக்க ஸ்கிரீனில் மெலிந்த எழுத்துகளையே பார்க்கிற எனக்கு அதன்மேல் ஒரு காதல். அதில் தமிழ் கிடையாது. வேறு எழுத்துரு சேர்த்தால் அழகு கெடுமே என்று காலை, மதியம், இரவு எல்லாவற்றையும் விட்டுவிட்டேன்.

நாலாம் நாள் ஊரிலிருந்து அம்மா போன் செய்தாள். "பச்சை மூடி மருந்து மூணு மணிக்கா, எட்டு மணிக்கா? அப்பா ராத்திரி எட்டுக்குப் போட்டுக்கிட்டு இருக்காரு."

தாளில் நான் போட்டிருந்தது 9, 3.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. அந்த எழுத்துருவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 3-இன் இரண்டு முனைகளிலும் உருண்டைகள். உடலை ஒடுக்கும்போது அவை உள்நோக்கி நெருங்குகின்றன. தடிமன் கூடக் கூட நடுவிலிருக்கும் வெள்ளை இடம் சுருங்குகிறது. சின்ன அளவில், புரை எடுத்த கண்ணுக்கு, அது எட்டேதான்.

1845-இல் லண்டனில் ராபர்ட் பெஸ்லியின் வார்ப்பகம் 'கிளாரண்டன்' எழுத்தை வெளியிட்டது. சட்டப் பாதுகாப்பு மூன்றே வருஷம். அது முடிந்ததும் ஆளாளுக்கு நகலெடுத்தார்கள். அமெரிக்காவில் டேரியஸ் வெல்ஸ் 1820-களிலேயே மர எழுத்துகளை விற்கத் தொடங்கியிருந்தார். ஈயத்தில் பெரிய எழுத்து வார்த்தால் கனம் தாங்காது. மரம் லேசு, மலிவு. நாடக நோட்டீஸின் அகலம் மாறாது. அதற்குள் எழுத்து உயரமாக நிற்க வேண்டுமென்றால் இடுப்பை ஒடுக்கத்தான் வேண்டும். தெருவில் போகிறவனை நிறுத்த வந்த எழுத்து அது. அதை ஒரு முழத் தூரத்தில் பிடித்துப் படிக்கும்படி அப்பாவிடம் கொடுத்திருந்தேன்.

மறு பரிசோதனையில் டாக்டர், "பயப்பட ஒண்ணுமில்ல, இனிமே நேரத்துக்குப் போடுங்க" என்றார். எனக்குத்தான் ஆறவில்லை.

"சந்தேகமா இருந்தா கேட்டிருக்கலாமேப்பா?" என்றேன்.

"நீ ராத்திரி முழிச்சு ஆசையா செஞ்சு குடுத்த. படிக்க முடியலன்னு எப்படிப்பா சொல்றது?"

ஊருக்குப் போனபோது, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் அம்மா ஸ்கெட்ச் பேனாவில் எழுதி ஒட்டியிருந்தாள்: பச்சை மூடி. காலை ஒன்பது. மத்தியானம் மூணு. எண்ணே இல்லை, எல்லாம் எழுத்தில்.

என் அட்டவணையை அப்பா தூக்கிப் போடவில்லை. நாலாக மடித்து, மருந்து டப்பாவுக்கு அடியில் விரித்திருந்தார்.