மருங்காபுரிக் குப்பைக்குழி

மணப்பாறை என்றதும் முறுக்கும் மாட்டுச் சந்தையும் நினைவுக்கு வரும். அதற்குத் தெற்கே, துவரங்குறிச்சிப் பக்கத்திலிருக்கும் மருங்காபுரி அவ்வளவு பிரசித்தமானதல்ல. ஆனால் 1929-ல் திருக்குறளுக்கு உரை எழுதி வெளியிட்ட ஜமீன்தாரிணி லட்சுமி அம்மணி இந்த ஊர் அரண்மனையைச் சேர்ந்தவர்தான்.

வானம் பார்த்த பூமி. வெயில் தாங்காமல் ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டேன். செம்பை நீட்டிய அம்மாள் கொல்லைப்புற நிழலில் உட்காரச் சொன்னாள். மாட்டுக் கொட்டகையை ஒட்டி ஒரு குழி. சாணம், அடுப்புச் சாம்பல், காய்கறித் தோல், வேப்பஞ்சருகு எல்லாம் அதற்குள்.

"குப்பைக்குழியா?" என்றேன்.

"குப்பை என்னாங்க குப்பை! எரு. உழவுக்கு முந்தி அள்ளிக் காட்டுக்கு அடிச்சிடுவோம்."

எருவாக மறுத்தவை மட்டும் வேலியோரம் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன: பால் கவர், ஷாம்புப் பாக்கெட். "இதை மண்ணும் தின்ன மாட்டேங்குது" என்றாள்.

அன்று பிற்பகலே திருச்சிக்கு பஸ் ஏறினேன். வழியில் விராலிமலை மயில் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. தூங்கிவிட்டேன் என்பதுதான் உண்மை.

அந்த அம்மாளின் குழியை நகரம் தொலைத்துவிட்டதன் விளைவைப் பார்க்க, தஞ்சாவூர் சாலையில் அரியமங்கலத்துக்குப் போனால் போதும். சுமார் 47 ஏக்கரில், பல்லாண்டுகளாக ஊரின் குப்பையெல்லாம் மலையாகக் குவிந்த இடம் அது. அடிக்கடி தீப்பிடிக்கும். அந்தப் புகையில்தான் சுற்றுவட்டாரக் குடும்பங்கள் சமைத்தார்கள், பிள்ளைகளைத் தூங்க வைத்தார்கள். பிறகு அந்தப் பழைய குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கும் வேலையை மாநகராட்சி தொடங்கியது. எரியக் கூடியவை அரியலூர் வட்டாரத்துச் சிமெண்டு ஆலைகளுக்கு எரிபொருளாகப் போயின.

இதே திருச்சிதான் 2015-ல் மத்திய அரசு 476 நகரங்களைச் சுத்தத்தில் வரிசைப்படுத்தியபோது, மைசூருக்கு அடுத்தபடி இரண்டாவதாக வந்தது! 2016-ல் மூன்று, 2017-ல் ஆறு, 2019-ல் முப்பத்தொன்பது. போட்டியிட்ட ஊர்களும் பெருகின என்று சமாதானம் சொல்லலாம். எனக்கென்னவோ அது முழுச் சமாதானமாகப் படவில்லை.

மறுநாள் காலை ஸ்ரீரங்கம். மாநகராட்சி ஆங்காங்கே அமைத்த நுண்ணுரக் கூடங்களில் ஒன்றைப் பார்த்தேன். மருங்காபுரிக் குழிதான், சிமெண்டுத் தொட்டியாக அவதாரம் எடுத்திருக்கிறது. வாழையிலையும் வாடிய மாலையும் காய்கறிக் கழிவும் பொடியாக நறுக்கப்பட்டுத் தொட்டியில் விழுகின்றன. காற்றுப் போக வழி விட்டு, சாணக் கரைசல் தெளித்து, அவ்வப்போது கிளறுகிறார்கள். உள்ளே கை வைத்தால் சுடுகிறது! ஆறேழு வாரத்தில் காப்பித் தூள் நிறத்தில் உரம். துர்நாற்றமே இல்லை, நல்ல மண் வாசனை. இத்தகைய உரத்தை விவசாயிகளுக்கு இலவசமாகவே கொடுத்து வந்திருக்கிறார்கள்.

ஆனால் தொட்டிக்குப் போகுமுன், பெண்கள் குனிந்து ஒவ்வொரு பிடியையும் கையால் பிரிக்க வேண்டியிருக்கிறது. ஒருத்தி கட்டை விரலைக் காட்டினாள். துணிக்கட்டு. சாம்பார்க் கத்திரிக்காய்க்கு நடுவே யார் வீட்டிலிருந்தோ வந்த சவர பிளேடு.

"இரண்டு வாளி வைங்கன்னு தெருத்தெருவா சொல்லித்தான் வாங்குறோம். சில வீட்டிலே கேட்கிறாங்க" என்றவள், என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஐயா வீட்டிலே எத்தனை வாளிங்க?"

ஒன்றுதான் என்றேன்.

பக்கத்திலிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அவள் மட்டும் சிரிக்காமல் அடுத்த பையை அவிழ்த்தாள்.