கடைசி இடத்திலிருந்த அணிக்கு டிக்கெட் எடுத்தவன்



போன மாதம் எங்கள் வாசிப்பு வட்டத்துக்கு மூன்று பேர் வந்தார்கள். கரையான்சாவடியில் எங்கள் காலனி இரவுப் பாடசாலையில் இதைத் தொடங்கிய நாளில் இருபத்திரண்டு பேர். பாய் போதாமல் பக்கத்து வீட்டில் வாங்கி வந்து விரித்தோம். இப்போது மூன்று பேர். அதில் ஒருவர் நான், இன்னொருவர் சாவி வைத்திருப்பவர். மூன்றாவதாக வந்த கல்லூரித் தம்பி புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கேட்டான்: "அண்ணா, இதை நிறுத்திடலாமா? நாம மூணு பேர் படிச்சு என்ன ஆகப்போகுது?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. நினைவுக்கு வந்தது ஒரு கால்பந்து சீசன். அரசியல் எழுதும் இடத்தில் கால்பந்து எதற்கு என்று சிலர் கேட்கலாம். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். இதில் நான் பெருமைப்படும்படி எதுவும் செய்யவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சென்னையின் எஃப்.சி. அணி 2014-ல் ஐ.எஸ்.எல். தொடங்கியபோது உருவானது. முதலாளிகள் பெரிய இடத்து ஆட்கள். நடிகர், தொழிலதிபர், கிரிக்கெட் வீரர். நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்றுதான் நானும் நினைத்தேன். என்னை இழுத்துப் போனது என் அக்கா மகன். திருமழிசை சிட்கோவில் லேத் பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். ஞாயிறு என்றால் காலனிக்குப் பின்னால் இருந்த காலி மனையில் பந்து. அந்த மனையில் இன்று அடுக்குமாடி நிற்கிறது. "மாமா, வியாசர்பாடி அண்ணன் ஒருத்தர் ஆடுறாரு, வந்து பாரு" என்றான்.

வியாசர்பாடி என்று சொன்னதும் எனக்குக் காது திறந்தது. வடசென்னையில் கால்பந்து என்பது பொழுதுபோக்கு மட்டும் அல்ல. ஆலைத் தொழிலாளியும் துறைமுகத் தொழிலாளியும் வாழ்ந்த தெருக்களில் வளர்ந்த விளையாட்டு அது. கிரிக்கெட்டுக்கு மட்டை வேண்டும், காலுறை வேண்டும், பயிற்சிக்குக் கட்டணம் வேண்டும். பந்து ஒன்று இருந்தால் இருபது பேர் ஆடலாம். பத்திரிகைக்காரர்கள் வியாசர்பாடியைக் குட்டி பிரேசில் என்பார்கள். அந்தத் தெருக்களை ரவுடிக் கதைகளில் மட்டுமே பார்த்துப் பழகியவர்களுக்கு அது புதுச் செய்தி. அங்கிருந்து வந்தவர்தான் தனபால் கணேஷ். 2018 மார்ச் 13-ம் தேதி நேரு ஸ்டேடியத்தில் கோவாவுக்கு எதிரான அரையிறுதி. சென்னை 3-0. ஜெஜே இரண்டு கோல், கணேஷ் ஒரு கோல். நான் அங்கே இருந்தேன். வியாசர்பாடிப் பையன் அடித்த கோலுக்கு யார் எவர் என்று தெரியாத ஆயிரக்கணக்கானோர் எழுந்து நின்று கத்தினார்கள். யாருடைய தெரு எது என்று யாரும் கேட்கவில்லை. நான்கு நாள் கழித்து, பெங்களூருவில் பெங்களூரு அணியையே 3-2 என்று தோற்கடித்துக் கோப்பையை வாங்கினார்கள். நானும் ரசிகன் ஆகிவிட்டேன். ஜெயித்த அணிக்கு ரசிகனாவது சுலபமான காரியம்.

ஆனால் என் அக்கா மகன் அதற்கு முன்பே சேர்ந்தவன். 2015 கதையை அவன்தான் எனக்குச் சொன்னான். அந்த வருடம் நவம்பரில் அணி பட்டியலில் கடைசியில் கிடந்தது. எல்லோரும் கைவிட்ட நேரத்தில் தொடர்ந்து நான்கு வெற்றி, அரையிறுதிக்கு இடம். அதற்குள் டிசம்பர் வெள்ளம். நம் பக்கத்துச் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்ததும் அடையாற்றங்கரையில் என்ன நடந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆற்றோரம் குடிசை போட்டிருந்த நம் மக்கள் வீட்டை இழந்தார்கள். பிறகு அவர்களில் பலரை ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு ஏற்றி அனுப்பினார்கள். சென்னையில் நடக்க வேண்டிய அரையிறுதி புனேவுக்குப் போனது. சொந்த ஊரில் ஆட முடியாத அணி அங்கே 3-0 என்று ஜெயித்தது. டிசம்பர் 20 இறுதிப் போட்டியில், கோவா மண்ணில், 90-வது நிமிடம் நெருங்கும்வரை 1-2 என்று பின்தங்கியிருந்து 3-2 என்று கோப்பையைத் தூக்கியது. அன்று இவன் முடிச்சூர் பக்கம் சேறு அள்ளிவிட்டு வந்து ஒரு டீக்கடை டிவியில் பார்த்தானாம். கடைசிக் கோலுக்கு டீக்கடைக்காரரைக் கட்டிப்பிடித்துவிட்டதாகச் சொல்வான்.

இனி என் கதை.

2018-19 சீசன். நடப்புச் சாம்பியன் என்ற பெயரோடு இறங்கிய அணி. 18 ஆட்டத்தில் 2 வெற்றி, 3 டிரா, 13 தோல்வி. 9 புள்ளி. பத்து அணிகளில் பத்தாவது இடம். கணேஷ் காயத்தால் ஆடவில்லை. பூந்தமல்லியிலிருந்து பிராட்வே பஸ் பிடித்து, சென்ட்ரல் பக்கம் இறங்கி, ரிப்பன் மாளிகைக்குப் பின்புறமாக நடந்து நான் மூன்று ஆட்டம் போனேன். ஒன்றிலும் வெற்றி இல்லை. மூன்றாவது ஆட்டம் முடிந்து திரும்பும்போது கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு, கோயம்பேட்டில் ஷேர் ஆட்டோவுக்கு ஒரு மணி நேரம் நின்றோம். அன்று சொன்னேன், "இனிமே நான் வரலடா. காசைக் குடுத்து அழுதுட்டு வர்றதுக்கு நமக்கு வேற வேலை இல்லையா? ஆயிரம் பிரச்சினை இருக்கு."

கவனியுங்கள், ஆயிரம் பிரச்சினை இருக்கிறது என்று மக்கள் பிரச்சினையைக் காரணம் காட்டினேன். உண்மையான காரணம் தோல்வி கசந்தது. தோற்கும் பக்கத்தில் உட்கார வெட்கமாக இருந்தது. அலுவலகத்தில் கிண்டல் செய்தார்கள். அவ்வளவுதான்.

அவன் நிறுத்தவில்லை. இரண்டு நண்பர்களோடு போனான், சில நாள் தனியாகவும் போனான். சூப்பர்மச்சான்ஸ், பி ஸ்டாண்ட் ப்ளூஸ் என்று ரசிகர் குழுக்கள் உண்டு. அந்த சீசன் முழுக்க அவர்களும் மேளத்தோடு வந்துகொண்டிருந்தார்கள். பாதிக்கு மேல் காலியான ஸ்டேடியத்தில் மேளச் சத்தம் இன்னும் தெளிவாகக் கேட்கும் என்பான்.

செப்டம்பர் கடைசியில் தொடங்கிய சீசனில் பிப்ரவரி வரை சொந்த மைதானத்தில் ஒரு வெற்றிகூடக் கிடையாது. 2019 பிப்ரவரி 9, பெங்களூருவோடு ஆட்டம். அந்த வருடம் கோப்பையை வாங்கப்போகிற அணி அது. நான் வீட்டில் வேறு சேனல் பார்த்துக்கொண்டிருந்தேன். போன் வந்தது. எடுத்தால் யாரும் பேசவில்லை. ஒரே இரைச்சல், மேளம், விசில். அவன் போனைக் கூட்டத்தை நோக்கிப் பிடித்திருந்தான். சென்னை 2-1. அந்த சீசனில் சொந்த மண்ணில் கிடைத்த ஒரே வெற்றி. அணி அப்போதும் கடைசி இடத்தில்தான் இருந்தது. ஜெயித்தும் ஒன்றும் மாறவில்லை.

மறுநாள் காலை டீக்கடையில் அவனைப் பார்த்தேன். கொஞ்சம் பொறாமையோடுதான் கேட்டேன். "எப்படிடா நேத்து ஜெயிப்பாங்கன்னு தெரிஞ்சு போன?"

"தெரிஞ்சு போகல மாமா. போறதால போனேன்."

"தோத்திருந்தா?"

"தோத்திருந்தா பஸ் ஏறி வந்திருப்பேன். நீ வரலன்னா உன் சீட்டு காலியா இருக்கும். டிவில காலி சீட்டுதான் தெரியும். ஆடுறவனும் அதைத்தான் பார்ப்பான்."

லேத் பட்டறைப் பையன், பன்னிரண்டாவதோடு படிப்பை நிறுத்தியவன், மேடையில் மணிக்கணக்காகப் பேசும் என்னிடம் சொன்னது இது. நான் டீக்குக் காசு கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த சீசனில் அவனோடு திரும்பப் போனேன். அதுவும் மோசமாகவே தொடங்கியது. முதல் நான்கு ஆட்டத்தில் ஒரு கோல்கூட இல்லை. 2019 நவம்பர் 25, ஹைதராபாத்துடன் ஐந்தாவது ஆட்டம். 90 நிமிடம் முடியும்வரை அதிலும் கோல் இல்லை. எங்களுக்கு முன் வரிசையில் இருந்தவர்கள் எழுந்து கிளம்பினார்கள். என் காலும் எழுந்தது, பஸ் போய்விடுமே என்று. அவன் என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தான். கூடுதல் நேரத்தில் சென்னை ஒரு கோல். உடனே ஹைதராபாத் சமன் செய்தது. அடுத்த நிமிடம் வால்ஸ்கிஸ் இன்னொன்று. 2-1. படியில் இறங்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பி ஓடிவந்தார்கள். பிறகு பயிற்சியாளர் மாறினார், ஓவன் காய்ல் வந்தார், அணி இறுதிப் போட்டிவரை போனது. 2020 மார்ச் 14, கொரோனாவால் ஆளே இல்லாத கோவா ஸ்டேடியத்தில் ஏ.டி.கே. அணியிடம் 1-3 என்று தோற்றது. கத்துவதற்கு ஒருவரும் இல்லாத மைதானத்தை அன்றுதான் பார்த்தேன். காலி இருக்கை என்றால் என்ன என்று அவன் சொன்னது அன்று முழுதாகப் புரிந்தது.

அதன் பிறகு கோப்பை இல்லை. தொடர்ந்து மூன்று சீசன் எட்டாவது இடம். 2024-25-ல் பதினோராவது. 2025-ல் ஐ.எஸ்.எல். உரிம ஒப்பந்தம் இழுபறியாகி, லீக் நடக்குமா என்பதே கேள்விக்குறியானது. ஆகஸ்டில் அணி தன் செயல்பாடுகளை நிறுத்திவைத்தது. கோடிகளில் புழங்குகிறவர்கள் ஒரு அறிக்கையில் அணியை நிறுத்த முடிகிறது. பஸ் காசு சேர்த்துப் பத்து வருடம் போனவனை யாரும் கேட்கவில்லை.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். விசுவாசம் என்று நான் சொல்வது முதலாளிக்கு விசுவாசம் அல்ல. நம் மக்களிடம் விசுவாசம் கேட்டே பல நூற்றாண்டு வேலை வாங்கினார்கள். அந்தச் சொல்லை எச்சரிக்கையோடுதான் தொட வேண்டும். இங்கிலாந்தில் விம்பிள்டன் என்ற அணியை 2002-ல் வேறு ஊருக்கு மாற்ற அனுமதி கொடுத்தார்கள். ரசிகர்கள் அழுதுவிட்டு வீட்டுக்குப் போகவில்லை, புது அணிக்கும் கை தட்டவில்லை. ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்று தாங்களே ஓர் அணியைத் தொடங்கினார்கள். பொது மைதானத்தில் ஆட்களைத் தேர்வு செய்து, அடிமட்ட லீக்கில் ஆட ஆரம்பித்து, 2011-ல் தொழில்முறை லீக்குக்குள் ஏறினார்கள். ஒன்பது வருடம். அவர்கள் பிடித்துக்கொண்டது தங்கள் ஊரை, பக்கத்து இருக்கைக்காரனை. முதலாளியை அல்ல.

நம் வரலாறும் அப்படித்தான். மகாட் குளத்தில் பாபாசாகேப் தண்ணீர் அள்ளியது 1927 மார்ச்சில். படத்தில் அதை மட்டும் பார்க்கிறோம். அதன் மேல் போடப்பட்ட வழக்கில் மும்பை உயர் நீதிமன்றம் நமக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது 1937 மார்ச்சில். நடுவில் பத்து வருடம். அந்தப் பத்து வருடத்தில் எத்தனை கூட்டம் ஆளில்லாமல் நடந்திருக்கும், எத்தனை பேர் இது ஆகாத காரியம் என்று எழுந்து போயிருப்பார்கள். அரசமைப்புச் சட்டத்தை எழுதிய அவரே 1952 பொதுத் தேர்தலில் தோற்றார், 1954 பண்டாரா இடைத்தேர்தலிலும் தோற்றார். அவர் பின்னால் நின்றவர்கள் அன்று தோற்ற பக்கத்தில் நின்றவர்கள். இன்று அவர் படத்தைச் சுவரில் மாட்டுவதில் எந்தச் சிரமமும் இல்லை. 1954-ல் பண்டாராவில் அவருக்கு ஓட்டுக் கேட்டுப் போனவர்களுக்குத்தான் சிரமம் இருந்திருக்கும்.

தம்பி, நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். மூன்று பேர் படித்து என்ன ஆகும் என்று எனக்கு உறுதியாகச் சொல்ல முடியாது. பிப்ரவரி 9 மாதிரி ஒரு நாள் வரும் என்று ஆசை காட்ட மாட்டேன். வரலாம், வராமலும் போகலாம். வந்தாலும் மறுநாள் நாம் கடைசி இடத்திலேயே இருக்கலாம். ஆனால் நானே எழுந்து போனவன். போனதும் எனக்கு ஒன்றும் லாபம் இல்லை. மிச்சமான பஸ் காசில் நான் எந்தப் புரட்சியும் செய்துவிடவில்லை. வீட்டில் டிவிதான் பார்த்தேன்.

குறைந்தவர்களைத் திட்டாதே. பரீட்சை, வேலை, வீட்டுப் பிரச்சினை என்று ஆயிரம் இருக்கும். திரும்பி வந்தால் ஏன் வரவில்லை என்று கேட்காதே. என் அக்கா மகன் என்னை அப்படிக் கேட்டதே இல்லை. அடுத்த சீசனில் நான் போய் நின்றபோது, "உட்காரு மாமா" என்று தள்ளி இடம் விட்டான். அவ்வளவுதான்.

இப்போது அவனுக்குக் கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. கரையான்சாவடி மெட்ரோ தூண்களுக்கு அடியில் அவன் பைக்கில் போகும்போது பார்க்கிறேன். முன்னால் டேங்க் மேல் குழந்தை, நீல ஜெர்சி, முழங்கால்வரை தொங்குகிறது. அணி ஆடுமா ஆடாதா என்று தெரியாத நாட்களிலும் அந்த ஜெர்சியைப் போட்டுத்தான் கூட்டிப் போனான்.

வரும் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு இரவுப் பாடசாலையைத் திறக்கிறோம். சாவி வைத்திருப்பவர் வருகிறேன் என்றிருக்கிறார். நானும் வருகிறேன். பாய் நிறைய இருக்கிறது.

ஜெய்பீம்.