வாசல் 'போர்ச்'சை மாற்றவும் சட்டம் உண்டு... இங்கிலாந்து கிராமங்கள் அழகாக இருக்கும் ரகசியம்!

இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட்ஸ் பகுதியில், கோல்ன் ஆற்றங்கரையில் இருக்கிறது பைபரி கிராமம். அங்குள்ள 'ஆர்லிங்டன் ரோ' வீடுகளைப் பார்க்கவே கூட்டம் குவிகிறது. 1380 வாக்கில் கம்பளிக் கிடங்காகக் கட்டப்பட்டு, 17-ம் நூற்றாண்டில் நெசவாளர் குடியிருப்பாக மாறிய கல் வீடுகள் அவை.

இந்த அழகு தானாக நிலைப்பதில்லை. வாசல் கதவுக்கு முன்னால், மழைக்கு ஒதுங்க ஒரு சின்ன 'போர்ச்' இருக்குமே... அதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டவும் அங்கே விதி இருக்கிறது.

சாதாரண வீடு என்றால், வெளிப்புற அளவு 3 சதுர மீட்டருக்குள் (சுமார் 32 சதுர அடி), உயரம் 3 மீட்டருக்குள், சாலையோர எல்லையிலிருந்து 2 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். மூன்றும் சரியாக இருந்தால் பொதுவாகத் திட்ட அனுமதி தேவையில்லை. ஒன்று தவறினாலும் உள்ளூர் கவுன்சிலில் விண்ணப்பிக்க வேண்டும். தெருவை ஒட்டியே நிற்கும் பழைய கிராமத்து வீடுகள் மாட்டுவது மூன்றாவது விதியில்தான்!

பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் உள்ள வீடு என்றால் கதையே வேறு. அளவு எவ்வளவு சின்னதாக இருந்தாலும், வீட்டின் தோற்றத்தை மாற்றும் வேலைக்குத் தனி ஒப்புதல் வேண்டும். இதற்குக் கட்டணம் கிடையாது. ஆனால், ஒப்புதல் இல்லாமல் கை வைத்தால் அது கிரிமினல் குற்றம். அதிகபட்சம் 2 ஆண்டுகள் வரை சிறை.

இன்னொரு சங்கதி... முந்தைய உரிமையாளர் அனுமதியின்றி மாற்றியிருந்தாலும், அதைச் சரிசெய்யச் சொல்லி நோட்டீஸ் வருவது இப்போதைய உரிமையாளருக்குத்தான். பட்டியலில் உள்ள கட்டடத்துக்குக் காலக்கெடுவும் இல்லை. அங்கே பழைய வீடு வாங்க நினைப்பவர்கள், சமையலறைக்கு முன் வாசலின் ஆவணங்களைப் பார்ப்பது நல்லது!